இடப்பக்கக் கடைவாய்க்கு ஒரு பீங்கான்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு மொத்தமாகப் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் 'சரி'.

இதில் என்ன கொடுமை என்று வெளியாளுக்குப் புரிய வேண்டுமானால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் திராட்சைத் தரகர். கம்பம் பக்கத்துப் பந்தல்களில் பன்னீர் திராட்சை நிறம் மாறத் தொடங்கும்போதே தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவார். லேசில் யாருக்கும் பிடி கொடுக்க மாட்டார். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலைத் துப்பிவிட்டு, "இன்னும் புளிப்பு போகலையேப்பா" என்று ஆரம்பித்தாரானால் டீ வந்து ஆறி, மறுபடி டீ வந்து அதுவும் ஆறும். இரண்டு பக்கமும் களைத்துப் போன பிறகு கடைசியில் "சரி" என்பார். அதோடு வியாபாரம் முடிந்தது. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. குமுளி தாண்டி வருகிற மலையாள வியாபாரிகளுக்கும் அது அதே சொல்தான் என்பதால் அங்கும் தகராறு இல்லை. வீட்டிலும் அப்படித்தான். ஒரு சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டால் அவர் வாயிலிருந்து சரி வருவதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சொல், இப்போது கேட்டதற்கெல்லாம் வந்து விழுந்தது. பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றால் சரி. குளிருதா, சரி. வேர்க்குதா, சரி. நான் கணக்கு டீச்சர். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் விடையைத் தலைகீழாகப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவள். ஒரு கேள்வியை நேராகவும் எதிராகவும் கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே விடை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமையாகச் சொன்னாள், "அது தானா வர்ற சொல்லும்மா. அதை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீக."

எனக்குப் புரிந்தது. எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, அவர்களால் முடியவில்லை என்பதுதான் நியாயம். அந்தச் சொல் வந்தால் வேலை முடிந்தது என்று நம்பியே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், அதே வாயிலிருந்து அதே சொல் வரும்போது அதற்கு மதிப்பில்லை என்று எப்படி நினைப்பார்கள்? என் கொழுந்தனார் ஒருநாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிழக்குத் தோட்டத்து வேலியைக் கொஞ்சம் தள்ளி நடலாமா என்று பயபக்தியோடு கேட்டார். சரி என்று பதில் வந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணனே சொல்லிட்டாக மதினி" என்றார். "உங்கண்ணன் ஃபேனைப் பாத்தும் இப்பத்தான் சரின்னாரு" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கெட்டவர் இல்லை. ஏமாற்ற வரவும் இல்லை. அண்ணனிடம் கேட்காமல் ஒரு கல்லை நகர்த்தவும் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

பல் உடைந்தது குலசாமி கோயில் கிடாவெட்டில். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் ஒரு பெஞ்சைப் போட்டு முதல் இலை அவருக்குப் போட்டார்கள். கறியை நான் பிய்த்துப் பிய்த்துத்தான் வைத்தேன். அப்படியும் ஒரு எலும்புச் சில்லு போயிருக்கிறது. டக் என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கையை நீட்டினேன். சோற்றோடும் கொஞ்சம் ரத்தத்தோடும் பாதிப் பல்லைத் துப்பினார். பரிமாறிக்கொண்டிருந்த ஆள் "வலிக்குதாண்ணே?" என்று கேட்க, "சரி" என்றார்.

மற்றவர்களுக்கு ஒரு கடைவாய்ப் பல் போனால் இன்னொரு பக்கம் மென்றுகொள்வார்கள். இவருக்கு அது முடியாது. வலது கன்னத்தில் உணர்ச்சி கிடையாது. அந்தப் பக்கம் சோறு ஒதுங்கினால் ஒதுங்கியபடியே கிடக்கும். தவறிப்போய்ப் புரையேறினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று நரம்பு டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் எல்லாச் சாப்பாடும் இடப்பக்கம்தான். உடைந்ததும் இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருக்கு மூக்கு வழியாக டியூப் போட்டு வெள்ளையாக ஒரு கஞ்சியை ஊற்றினார்கள். இடது கையால் அதைப் பிடுங்கப் பிடுங்க, கடைசியில் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். அந்தக் காட்சியை நான் மறுபடி பார்க்க மாட்டேன் என்று தீர்மானம் செய்திருந்தேன். அதற்கு அந்த ஒரு பல் வேண்டும்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு பல் டாக்டர் இருந்தாள். சின்னப் பெண். நான் அவளிடம் தொடர்ந்து போனதற்கு ஒரே காரணம், கேள்விகளை என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டதுதான். "சார், வாயத் தெறங்க. சார், கொஞ்சம் சாய்ச்சுக்கிறேன்." சரி சரி என்று அவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையைப் பல தடவையாகப் பிரித்துச் செய்து முடித்து, உடைந்த இடத்தைக் கட்டி எழுப்பி, மேலே உறை மாதிரி ஒரு கேப் போட வேண்டும் என்றாள். என்ன பொருளில் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டிய நாளில் காரை ஓட்டிக்கொண்டு கொழுந்தனாரும் வந்திருந்தார்.

அவள் ஒரு தட்டில் மூன்று பல்லை வைத்துக் காட்டினாள். எனக்கு மூன்றும் பல்லாகத்தான் தெரிந்தது.

"இது உள்ள உலோகம், மேல பீங்கான் பூசுனது. ரொம்ப காலமா போடுறோம். நல்லா நிக்கும். ஆனா சில பேருக்கு மேல இருக்கிற பீங்கான் சில்லுச் சில்லாப் பேந்துரும். நாளாக ஆக ஈறு ஓரத்துல ஒரு கருப்புக் கோடு தெரியும்" என்றாள். கடைவாய்ப் பல்லின் ஈறை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பல்லை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். விளிம்பில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கியது. "இது கண்ணாடி ஜாதி. பாக்க நெசப் பல்லு மாதிரியே இருக்கும். ஆனா ஒட்டும்போது அந்த இடம் காஞ்சு கெடக்கணும் டீச்சர். ஒரு சொட்டு எச்சி பட்டாலும் பிடிப்பு போயிரும்." மூன்று பேரும் அவருடைய வலது கடைவாயைப் பார்த்தோம். வழிந்துகொண்டிருந்தது. நான் துண்டால் துடைத்தேன். அந்த இரண்டாவது பல்லை அவள் சத்தமில்லாமல் தட்டில் வைத்துவிட்டாள்.

"இது சிர்கோனியா. கட்டியா வரும். மதுரை லேப்புல மிசின்ல கடைஞ்சு, சூளையில சுட்டு எடுப்பாக. கடைவாய்க்கு இதுதான் பலம். எச்சிக்கும் அவ்வளவு பயப்பட வேண்டியதில்ல." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணுதான். மத்தது உயரம் கொஞ்சம் கூடக்கொறைய இருந்தாலும் பேந்தோ ஒடைஞ்சோ காட்டிக்குடுத்துரும். இது அசையாது. மயிரிழை உயரம் இருந்தாக்கூடக் கீழ இருக்கிற பல்லப் போட்டு இடிச்சுக்கிட்டே இருக்கும். மாட்டிட்டு, உயரமா இருக்கான்னு கேப்போம். அதை சார்தான் சொல்லணும்."

கொழுந்தனாருக்குப் பலம் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. "எது ஒடையாதோ அதப் போடுங்க டாக்டர். அண்ணனுக்குப் போயி பூசுனது, பேந்து போறதுன்னு போட்டா நல்லாவா இருக்கும்?" என்றவர் நாற்காலிப் பக்கம் குனிந்து, "அண்ணே, இதப் போட்ருவோமா?" என்று கேட்டார்.

"சரி."

"பாத்தீகளா."

டாக்டர் விடவில்லை. கண்ணாடி ஜாதியைக் காட்டி, "சார், இது பிடிச்சிருக்கா?" என்றாள். சரி. உலோகப் பல்லைக் காட்டினாள். அதற்கும் சரி. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவர் பல்லுக்கு நான் விடை சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைத் துணியைக்கூட நான் எடுத்ததில்லை. எடுத்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வைத்துவிடுவார். "உறுதியா இருக்கிறதே போடும்மா" என்றேன். அவளுக்கும் அதுதான் நல்லது என்று பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினாள்.

பல் வந்த அன்று அதோடு ஒரு அட்டையும் வந்தது. பதினைந்து வருட உத்தரவாதம் என்று போட்டிருந்தது. கொழுந்தனார் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சந்தோஷமாக என்னிடம் கொடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த வருடம் எப்படியிருப்பார் என்று நரம்பு டாக்டரிடம் கேட்டால் வானத்தைக் காட்டுகிறார். இங்கே ஒரு கேப்புக்குப் பதினைந்து வருடம்.

மாட்டும்போதுதான் அவள் அன்று தயங்கியதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. மை தடவிய ஒரு நீலத்தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "டக் டக்னு கடிங்க சார்" என்றாள். எங்கே அதிகமாக முட்டுகிறதோ அங்கே நீலம் அழுத்தமாகப் பதியும், அதை ராவிவிட வேண்டும். அவருக்குத் தாடை நேராக மூடவில்லை. ஒரு தடவை ஒரு பக்கம் சாய்ந்து மூடியது, மறு தடவை வேறு மாதிரி. நீலப் புள்ளியும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது. அவள் ராவினாள், மெருகு போட்டாள், மறுபடி தாள் வைத்தாள்.

"உயரமா இருக்கா சார்?"

"சரி."

"உயரம் இல்லைல?"

"சரி."

"மத்தவக நாக்க வச்சே சொல்லிருவாக டீச்சர். ஒரு முடி கிடந்தாலும் தெரியும்" என்றாள் என்னிடம், மெதுவாக. நான் என்ன செய்ய? அவர் வாய்க்குள் போய் நான் கடித்துப் பார்க்க முடியுமா? தாளில் எல்லாப் பக்கமும் ஓரளவு ஒன்றுபோல நீலம் பதிந்த ஒரு தடவையை நம்பி, அவள் பல்லை ஒட்டினாள்.

முதலில் நன்றாகத்தான் சாப்பிட்டார். பிறகு இட்லியில் ஒன்று குறைந்தது. பிறகு சோற்றைத் தள்ளினார். தயிரும் சோறுமாகக் குழைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வலிக்குதா?" என்று கேட்டேன். சரி. "வலிக்கலையா?" சரி. கன்னத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். நெற்றியைத் தொட்டார், என் வளையலைத் தொட்டார். சிரித்த முகம், அழுத முகம் போட்ட படங்களைப் பேச்சுப் பயிற்சிப் பெண் கொடுத்திருந்தாள். எல்லா முகத்தையும் வரிசையாகத் தொட்டார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மனச்சோர்வு என்றார் நரம்பு டாக்டர். அதற்கொரு மாத்திரை எழுதினார். மருந்துச் சூடு என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஏழரை நடக்கிறது என்று கொழுந்தனார் சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எள் விளக்குப் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கை சாப்பிட்டது. அவர் சாப்பிடவில்லை. சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. இப்படியே போனால் டியூப் போட வேண்டியதுதான் என்று நரம்பு டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அவரைத் திட்டினேன். ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் ஸ்பூனுமாக நின்றுகொண்டு, "என்னதான் வேணும் உங்களுக்கு? வாயத் தெறங்களேன்" என்று கத்தினேன். வாயைத் திறந்தார். ஊட்டினேன். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிடிவாதத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சில நாள் கழித்து, காலையில் வாஷ்பேசினில் அவருக்கு வாய் கொப்பளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் சோறு ஏதும் அடைந்திருக்கிறதா என்று செல்போன் விளக்கைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வலப்பக்கம்தான் பார்ப்பேன். அன்று விளக்கு தற்செயலாக இடப்பக்கம் திரும்பியது. மேலே சிர்கோனியா பளபளவென்று, மாட்டிய அன்றைக்கு இருந்தது போலவே ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதற்கு நேர் கீழே அவருடைய சொந்தப் பல்லில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. ஒரு மூலை உடைந்து போயிருந்தது. அன்றே அவரைப் பழனிசெட்டிபட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் பார்த்தாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் அந்தக் கீழ்ப்பல்லை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். அவருடைய இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கம் வழிந்தது.

"வலிக்குதா சார்?"

"சரி" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

அவள் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டுச் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்லலாமா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. சொல்ல முடியவில்லை. அவள் கேட்காத கேள்வி இல்லை. கொழுந்தனாரைச் சொல்லலாமா? நல்லதைப் போடுங்கள் என்றார். பீங்கானையாவது திட்டலாமா என்றால், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அது இடித்திருக்கிறது, ஒவ்வொரு வாயையும் ஊட்டியது நான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாள். விரிசல் வேர்வரை இறங்கவில்லை, கீழ்ப்பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றாள். "மேல இருக்கிறத இன்னும் கொஞ்சம் ராவிக் கொறைச்சுருவோம் டீச்சர்."

"எவ்வளவு கொறைக்கணும்னு இப்ப யாரு சொல்லுவா?"

அவள் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

நான் கேட்டேன், "ஒடையுற மாதிரி எதுவும் இருக்கா?"

"என்ன டீச்சர்?"

"ஒடையுற பல்லு. ஒடையாதது வேண்டாம். உயரம் சாஸ்தியா இருந்தா அது ஒடையட்டும், இல்ல தேயட்டும். அத நான் கண்ணால பாத்துக்கிறேன். இவரு சொல்ல மாட்டாரு. அந்தப் பல்லாவது சொல்லட்டும்."

"இங்கன வர்றவக எல்லாரும் ஒடையாதது குடுன்னுதான் கேப்பாக" என்றாள். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்து வந்தாள். கற்பூரக் கட்டி அளவு இருந்தது. "பீங்கானும் பிசின் மாதிரி ஒண்ணும் கலந்தது. கொஞ்சம் மெது. நெசப் பல்லு தேயுற மாதிரி இதுவும் தேயும். பாரம் கூடுனா இது ஒடையும், கீழ இருக்கிறது தப்பிச்சுக்கும். ஆனா ரொம்ப நாளைக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன். ஒட்டுறதும் செரமம். எச்சி படாம ரப்பர் ஷீட் மாட்டித்தான் ஒட்டணும், சார் பொறுத்துக்கணும்."

"பொறுத்துக்குவாரு" என்றேன். இத்தனை நாள் பொறுத்தவர்தானே.

வீட்டில் கொழுந்தனார் குதித்தார். "நல்லா நிக்கிற பல்ல ஒடைச்சு எடுத்துட்டு, ஒடையிற பல்லாப் பாத்து மாட்டப் போறீகளாக்கும்? ஊருல கேட்டாச் சிரிப்பாக மதினி." அவர் நேராக அண்ணனிடம் போனார். "அண்ணே, மதினி சொல்றதுக்கு நீங்க ஒத்துக்கிறீகளா?"

"சரி."

அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், என் பக்கம் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு அதை எடுத்து முடிந்துகொண்டேன்.

சிர்கோனியாவை எடுப்பது லேசான காரியமாக இல்லை. வைரப்பொடி வைத்த ஊசியால் அறுத்தாள். ஊசி மழுங்கிப் போக, வேறு மாற்றினாள். அதுவும் மழுங்கியது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. உதவிக்கு நின்ற பெண் உறிஞ்சுகுழாயை வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை அவருக்குப் புரையேறி, நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்தோம். கண் சிவந்து, முகம் நனைந்து, என் சேலைத் தலைப்பை இடது கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். "போதும்மா, விட்டுரு" என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. "இன்னும் கொஞ்சந்தான் சார்" என்றாள். சரி என்றார். ஒருவழியாக அது இரண்டாகப் பிளந்து வந்தபோது டாக்டரின் நெற்றியெல்லாம் வேர்வை.

புதுப் பல்லை மாட்டிய அன்றும் அதே நீலத்தாள், அதே டக் டக், அதே கேள்வி, அதே பதில். எனக்கு மட்டும் கொஞ்சம் தைரியம் இருந்தது. இந்தப் பல் ஏதாவது ஒரு சேதி சொல்லும் என்று நம்பினேன்.

கீழ்ப்பல்லுக்கும் வைத்தியம் நடந்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். முதலில் இட்லி, பிறகு குழைந்த சோறு. டியூப் பேச்சு நின்றது. கொழுந்தனார் குச்சனூர்க்காரர்தான் காப்பாற்றினார் என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் காலையில் செல்போன் விளக்கைப் போட்டு அந்தப் பல்லைப் பார்ப்பேன். மெல்லுகிற பல்லாக இருந்தால் பல்லின் மேட்டில் ஒரு மழுங்கின தடம் விழும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நாள் போயிற்று. பல் உடையவில்லை. தடமும் விழவில்லை. மாட்டியபடியே இருந்தது.

எல்லாம் அளவாக இருப்பதால் தடம் இல்லையா? அல்லது வலிக்குப் பயந்து அந்தப் பல்லில் கடிக்காமலேயே நாக்காலும் ஈறாலும் மசித்து விழுங்குகிறாரா? குழைந்த சோற்றுக்குக் கடிக்கவே வேண்டியதில்லை. உடைகிற பொருளைத் தேடிப் பிடித்து வைத்ததே அது வாய் திறக்கும் என்றுதான். அதுவும் இவரைப் போலவே எதுவும் சொல்லாமல் இருந்தது.

போன வாரம் காலையில் வாய் கொப்பளித்து முடித்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலை அவருடைய இடப்பக்கக் கடைவாயில், மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்தேன். அழுத்திக் கடித்தால் பல்லுக்கு வலி இல்லை என்று அர்த்தம். கடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டால் வலிக்கிறது. என் விரலுக்கு அது தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"கடிங்க" என்றேன்.

விரலைச் சுற்றி உதடு அசைந்தது. சரி என்கிறார் என்று தெரிந்தது. ஆனால் கடிக்கவில்லை.

"எனக்கு வலிக்காதுங்க. நல்லாக் கடிங்க."

வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார். தாடை நடுங்க ஆரம்பித்தது. எச்சில் என் மணிக்கட்டு வழியாக ஓடியது. பல் விரலில் படாமல் பார்த்துக்கொண்டு, அப்படியே திறந்து வைத்திருந்தார். "கடிங்கன்னா" என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் இடது கையைத் தூக்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை மெதுவாக வெளியே எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் அந்த விரலைத் துடைத்தார். துடைத்துவிட்டு, எங்காவது பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டியூபையும் சோற்றையும் விட்டால், இத்தனை மாதத்தில் அவர் மாட்டேன் என்று மறுத்தது அந்த ஒன்றைத்தான். நான் பேசினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். பல் வலிக்கிறதா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது.